மஞ்சள் அடித்த பள்ளிக்கூடம்

மூன்றாவது பள்ளிக்கூடத்துக்கு ஏழு மார்க்.

பத்து மார்க்கைக் காலையிலேயே பார்த்தாயிற்று. ஒன்பதை மத்தியானம் பார்த்தார்கள். இப்போது ஏழுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மயில்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங் மாப்பள, ஏழு மார்க்குப் பள்ளிக்கூடத்தப் பாக்கறதுக்கா லீவு போட்டுப்போட்டு இத்தன பெட்ரோல எரிச்சீங்க?"

"லிஸ்ட்ல இதுக்குத்தான் செல்வி மஞ்சள் அடிச்சிருக்காளுங்க மாமா."

பட்டியல் தாமரைச்செல்வி போட்டது. மயில்சாமிக்கு ஒரே மகள். பிப்ரவரியில் போய்விட்டாள். பட்டியல் இருக்கிறது.

இர்விங் ஊர் அபார்ட்மெண்டைக் காலி செய்துவிட்டுப் பக்கத்து மாவட்டத்துக்குப் போக வேண்டும், மகன் மகிழன் மூன்றாம் வகுப்பை அங்கேதான் தொடங்க வேண்டும் என்று முடிவுகட்டி, பதினொரு பள்ளிக்கூடங்களை எழுதி, எட்டை அடித்து, மூன்றை வைத்திருந்தாள். அந்த மூன்றில் கடைசி மார்க் வாங்கியதற்குப் போய் மஞ்சள்.

மயில்சாமிக்கு நெட்டில் எவனோ போடுகிற மார்க்கில் நம்பிக்கை கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவர். முப்பத்தெட்டு வருஷம் சங்ககிரியிலிருந்து லாரி ஓட்டியவர். எடைச் சீட்டை எவன் நீட்டினாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்ப்பார். சீட்டை எழுதியவன் மனுஷன். டயருக்கு எழுதத் தெரியாது.

இங்கே அவருக்கு லைசென்ஸ் இல்லை. ஒரு மெஷினுக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார்கள், இடது கண் ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மெஷினையும் அவர் நம்பவில்லை.

பத்து மார்க் பள்ளிக்கூடத்தில் காலையில் அரை மைலுக்குக் கார் வரிசை. ஒவ்வொரு கண்ணாடியிலும் நம்பர் எழுதிய அட்டை. லோடு இறக்குகிற மாதிரி பிள்ளைகளை இறக்கினார்கள். நடந்து வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அவருக்கென்ன. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கோயமுத்தூருக்கு டிக்கெட் போட்டாயிற்று. மகள் இல்லாத வீட்டில், மாப்பிள்ளை போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? மாப்பிள்ளை போங்கள் என்று சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை.

கிரீன் கார்டு என்னவோ இருக்கிறது. வேண்டாம் என்றவரைக் கைரேகை வைக்கக் கூட்டிப்போய், செல்விதான் வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

மாப்பிள்ளைக்கு ஆறு மணிவரை ஆஃபீஸ். மகிழன் தினமும் ஆறேகால்வரை டே கேரில் கடைசி ஆளாக உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் மயில்சாமி சும்மாதான் இருக்கிறார். ஆனால் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஃப்ரீவே ஓடுகிறது. நடந்துபோய்க் கூட்டிவர வழியில்லை. இனிமேல் எப்படி என்பதை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

இந்தத் தெருவை அவர் முன்பே பார்த்திருக்கிறார். அக்டோபரில், செல்விக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த நாட்களில், அவள்தான் கூட்டி வந்தாள். தெருக்கோடியில் கட்டிக்கொண்டிருந்த வீடுகளில் தொடங்கிப் பள்ளிக்கூட வாசல்வரை இரண்டு பேரும் நடந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்காரு என்றால் உட்காருகிற ஆள் இல்லை. முட்டி வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, ஓடையோரத்துப் பெஞ்சில் மயில்சாமி உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வாத்துகளைப் பார்த்தார்கள்.

பின் சீட்டிலிருந்து பேரன் மகிழன் டேப்லெட்டைத் தாத்தாவிடம் நீட்டினான். அம்மாவின் பட்டியலை அதில் தானே திறந்து வைத்திருந்தான்.

"அப்புச்சி, தேர் இஸ் ஒன் மோர் பாக்ஸ். தமிழ்ல இருக்கு. ஐ கான்ட் ரீட் இட்."

மாப்பிள்ளையின் காகிதத்தில் ஐந்து கட்டங்கள்தான் இருந்தன. மார்க், வகுப்பில் எத்தனை பேர், வீட்டு வரி, இன்னும் இரண்டு. ஆறாவது கட்டம் தாளில் அடங்காமல் பிரிண்டர் விட்டுவிட்டது. அவள் பேர் போட்ட அந்த ஃபைலை ஒரு தடவை திறந்து அச்சடித்ததோடு சரி, மாப்பிள்ளை மறுபடி திறக்கவில்லை.

மயில்சாமி டேப்லெட்டை வலது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக் கூட்டினார்.

மேலே, ‘அப்பா’ என்று இருந்தது.

பத்துக்கு நேரே: நடக்க வழியில்லை.

ஒன்பதுக்கு நேரே: பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். வேண்டாம்.

ஏழுக்கு நேரே: பதினெட்டு நிமிடம். முழுக்க நடைபாதை. அப்பாவுக்கு முட்டி வலித்தால் பாதியில் பெஞ்ச் இருக்கிறது. உட்கார்ந்து போனால் இருபத்திரண்டு.

இரண்டாம் தடவையும் எழுத்துக் கூட்டினார். அதேதான் இருந்தது.

எதிரே மணி அடித்தது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நடந்தே வெளியே வந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒரு கிழவர் பலகையைத் தூக்கிப் பிடித்தார். கார்கள் நின்றன.

"என்ன மாமா எழுதியிருக்கா?"

மயில்சாமி டேப்லெட்டைப் பையனிடம் கொடுத்தார். பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்து இறங்கி நின்றார்.

"பெஞ்செல்லாம் வேண்டியதில்லீங் மாப்பள. எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்குது."