மேலேயே நின்றுவிட்ட கோடு

டி.என்.ஏ. ஓட்டிய ஜெல் வில்லையை விளக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஸ்விட்சைப் போடத்தான் கை வரவில்லை.

கீழே ஓடியிருக்கணும், கடவுளே. ஒரே ஒரு கோடு, கீழே தெரிந்தால் போதும்.

அவள் கணவன் இதே மேசையில் நின்று தயாரித்த டி.என்.ஏ.வில் மிச்சம் ஒரு ட்யூப்தான். அவன் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம்.

ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள், நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், முறுக்கு அவிழ்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தயாரிக்கலாம் என்று ஆய்வகத் தலைவி மேடம் காலையிலேயே சொல்லிவிட்டார். அதில் ஒரு தப்பும் இல்லை. எரிச்சலே அதுதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவன் ஒரு ரப்பர் குழாயை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினான். குழாய் தன்மேல் தானே சுருண்டு கைக்குள் அடங்கிவிட்டது.

வட்டமான டி.என்.ஏ.வும் அப்படித்தானாம். முறுக்கேறினால் கையடக்கமாகச் சுருண்டு, ஜெல்லின் சந்துபொந்தெல்லாம் நுழைந்து சர்ரென்று கீழே ஓடிவிடும். இரண்டு இழையில் ஒன்று எங்கேயாவது ஒரே ஓரிடத்தில் அறுந்தால் போதும், மொத்த முறுக்கும் போச்சு. தொளதொளவென்று அகன்ற வளையமாகி, நகர முடியாமல் மேலேயே நின்றுவிடும்.

சொன்னவன் பிடியை விட்டான். குழாய் சுழன்று வந்து அவள் கன்னத்தில் பளாரென்று அடித்தது. அவர்கள் பேச ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

ஸ்விட்சைப் போட்டாள்.

கோடு மேலே நின்றது. கீழே ஒன்றுமே இல்லை.

மேடம் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அடடா, எல்லாமே அவிழ்ந்துபோச்சே! யாராவது இதை அடிக்கடி வெளிய எடுத்தாங்களா?"

"ஃப்ரீசர்ல ஏதோ கோளாறு போல, மேடம்."

ஃப்ரீசரைத் திட்டிக்கொண்டே மேடம் மெக்கானிக்குக்குப் போன் பண்ணப் போனார்.

பாவம் ஃப்ரீசர். அது ஒழுங்காகத்தான் உறைய வைத்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள்தான் எடுப்பாள், தினமும். ட்யூப் முழுக்கப் பனி படிந்திருக்கும். உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால்தான் நீல மையில் அவன் கையெழுத்து மெல்லத் தெரியும். ஒரு தேதி, நான்கு எழுத்து, அவ்வளவுதான். வீட்டில் அவன் எழுதியது ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மனுஷன் அந்த ரகமே இல்லை.

கைச்சூட்டில் உள்ளே இருப்பதும் உருகும். உருகி உருகி உறைந்தால் இழை அறும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அடிக்கடி வெளியே எடுக்காதீர்கள் என்று ஃப்ரீசர் கதவில் எழுதி ஒட்டியவளே அவள்தான்.

சரி, டி.என்.ஏ. போனால் போகட்டும். எழுத்து இருக்கிறதே. இனி அதைப் பனிக்குள் ஒளித்து வைக்கவும் வேண்டாம். வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம்.

உள்ளே இருந்த சொட்டை அப்புறப்படுத்தினாள். காலி ட்யூபைக் கைப்பைக்குள் போடப் போனாள்.

ஆய்வகத்திலிருந்து எது வெளியே போனாலும் துடைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இருபது வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்கு ஸ்பிரிட் நனைத்த தாளை எடுத்து ஒரு சுற்றுத் துடைத்துவிட்டது.

பதினோரு மாத ஈரத்துக்கும் அசையாத மை.

தாளைத் திருப்பிப் பார்த்தாள். நீலமாக இருந்தது.