கோணல் வரிசை

பல் டாக்டரின் மேசையில் தேநீர் ஆறி ஆடை கட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வெயில் கம்ப்யூட்டர் திரையில் சாய்ந்து விழ, அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு இடது ஓரத்துக் கோப்புப் பட்டியலையே முறைக்கிறாள். பல் பராமரிப்பைப் பற்றி அவள் எழுதிய முதல் புத்தகம். சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பட்டியலிலோ முடிவுரை மேலே இருக்கிறது, முன்னுரை அதற்குக் கீழே. முன்னுரையை மவுஸால் பிடித்து மேலே இழுத்து வைக்கிறாள். விரலை எடுத்ததும் அது நழுவிப் பழைய இடத்திலேயே போய் உட்கார்கிறது. எத்தனை கோணல் பற்களைக் கம்பி கட்டி வழிக்குக் கொண்டுவந்த கை! "இதுக்கு என்னதான் கேடு?" என்கிறாள். நோயாளிகளின் நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் கணவர் கண்ணைத் திறக்காமலே, "அகர வரிசைல அடுக்குது. 'ட'வுக்கு அப்புறம்தானே 'ன'? அறிமுகம்னு பேரை மாத்து, தானா மேல ஏறிடும்" என்கிறார். மாற்றுகிறாள். ஏறிவிடுகிறது. அவர் சொல்லி ஏறியதில் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்து, 'இயல்கள்' பக்கத்திலிருக்கும் அம்புக்குறியை அழுத்துகிறாள். உள்ளே மடங்கிக் கிடந்தவை விரிகின்றன: இயல் 1, அதன் கீழே 10, 11, 12, அதற்கும் கீழேதான் இயல் 2. அறையில் நறநறவென்று ஒரு சத்தம். கணவர் இப்போது கண்ணைத் திறக்கிறார். "பல்லைக் கடிக்காதே, தேய்ஞ்சிடும்னு நீயேதானே எழுதியிருக்க, எட்டாவது இயல்ல?" "எட்டாவது இடத்துல அஞ்சு உக்காந்திருக்குங்க!"