ஏழே காலுக்குப் போகும் குரல்

“ஏழே காலுக்கு டாண்ணு போயிருது தம்பி. தண்ணி மோட்டார்தான் காரணம், வேற ஒண்ணுமில்ல” என்றாள் முத்துமாரி.

ஆஷிக் கட்டிலோரம் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் எடுத்துக்கொண்டான். தாராவியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். நாலு மாசத்துக்கு முன்னால் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவனும் அவன்தான்.

கட்டிலில் அவள் புருஷன் மாரிசெல்வம் கண்ணை மூடிக் கிடந்தான். ஒரு காலத்தில் அவன் கூப்பிட்டால் மூன்று சந்து தள்ளிக் கேட்கும். பக்கவாதம் வந்து, வலது கட்டைவிரல் ஒன்றைத் தவிர மிச்சமெல்லாம் போயிற்று. அந்த விரலுக்கு அடியில் ஒரு வயர்லெஸ் பொத்தான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னும். வேண்டிய எழுத்தில் அமுக்கிக்கொண்டே வந்தால், லேப்டாப் அதைச் சேர்த்து வாய்விட்டுப் பேசும்.

முதல் நாளுக்குப் பிறகு, அது பேசுகிறது என்பதே அடுத்தவர் சொல்லித்தான் முத்துமாரிக்குத் தெரியும். விக்ரோலியில் மருந்து பேக்கிங் வேலையை முடித்து, ரயிலில் இடிபட்டு, சயானில் இறங்கி அவள் வீடு சேர ஏழே கால் ஆகிவிடும். பொத்தானுக்கும் லேப்டாப்புக்கும் உள்ள தொடர்பு அப்போது பார்த்துத்தான் அறும். மவுஸைப் பிடித்துத் திரும்ப இணைப்பாள். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் போய்விடும்.

“அந்நேரம்தான் இங்க தண்ணி விடுதான். எல்லா வீட்டு மோட்டாரும் ஓடும்.”

“இப்ப காலைல பத்து மணி அக்கா. மோட்டார் எங்க ஓடுது? இப்பவும் கனெக்ஷன் இல்லையே.”

“ஞாயித்துக்கெழமன்னா எந்திரிச்சதுல இருந்தே கெடையாது. என்ன எழவோ.”

வாசலில் ஜெனி வந்து நின்றாள். பகலில் மாரிசெல்வத்தைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி. காலையில் முத்துமாரி வேலைக்குக் கிளம்பியதும், தொடர்பை இணைத்துக் கொடுப்பது அவள்தான்.

“பகல்ல நல்லாத்தான பேசுதாவ. நேத்துகூட எங்க வீட்டு மீன்கொழம்புல புளி தூக்கலுன்னு கொற சொன்னாவ” என்றாள் ஜெனி.

முத்துமாரி கேட்டுக்கொண்டு நின்றாள். முதல் மாசம் இப்படி யாராவது சொன்னால் அழுகை வரும். அப்புறம் கோபம் வந்தது. இப்போது ஒன்றுமே வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. மீன்குழம்புக்குக் கிடைத்த பேச்சில் ஒரு வார்த்தை தனக்குக் கிடைக்காதா என்ற ஆசை மட்டும் சாகவில்லை.

“உங்ககிட்ட ஒரு வாட்டியாவது பேசியிருக்காரா அக்கா?” என்று கேட்டான் ஆஷிக்.

“நீ மாட்டிட்டுப் போன அன்னைக்கு. ‘முத்து, தண்ணி’ன்னுச்சு பாரு, டிவியில நியூஸ் வாசிக்கிறவன் மாதிரி. யாரோ வேத்தாளு வீட்டுக்குள்ள நிக்கான்னு பதறிப்போயி செம்பக் கீழ போட்டுட்டேன். அதோட சரி.”

ஆஷிக் பொத்தானின் பேட்டரியை மாற்றினான். தூரம் வைத்துப் பார்த்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“எழுத்தோட எழுத்தா மின்னுத அந்த ‘அணை’ங்கறதக் கை தவறி அமுக்கிருதாகளோ என்னமோ. அணைக்கவே முடியாதபடி லாக் போட்டுரு” என்றாள் முத்துமாரி.

“போடலாம். அப்புறம் அண்ணன் நெனச்சாலும் அணைக்க முடியாது. அவர் கையில மிச்சம் இருக்குறது இந்த ஒரு ஸ்விட்ச்தான் அக்கா, அதையும் நாம பிடுங்கணுமா?”

“அப்ப ஒரு வார்னிங்காவது போடு. ‘அணைச்சா பேச முடியாது, அணைக்கவா’ன்னு கேக்கட்டும்.”

ஆஷிக் செட்டிங்ஸைத் திறந்தான். திரையை மேலே தள்ளினான், கீழே தள்ளினான். பிறகு தள்ளுவதை நிறுத்திவிட்டு, கட்டிலை ஒரு தரம் பார்த்தான்.

“அக்கா, வார்னிங் மொத நாள்ல இருந்தே இருக்கு. நான் போட்டதுதான், மறந்துட்டேன். ஸ்க்ரீன்ல சின்னதா வந்து, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேக்கும்.” அவன் குரலைத் தணித்துக்கொண்டான். “என்னைக்கு என்ன அமுக்கினாருன்னு இதுல பதிவாயிருக்கு. தினம் ஏழே கால், ஞாயித்துக்கெழமன்னா காலைலயே. ரெண்டு தடவையும் ‘ஆமா’ன்னுதான் அமுக்கியிருக்காரு.”

ஜெனி சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டாள்.

முத்துமாரிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஊரெல்லாம் பேசிவிட்டு, பெண்டாட்டியின் செருப்புச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிற மனுஷன். நாலு மாசமாக மோட்டாரைத் திட்டியது வீண் என்று மட்டும் தோன்றியது.

“லாக் போட்டுரட்டுமா?” என்றான் ஆஷிக்.

“வேண்டாம். பேசுததும் பேசாததும் அவுக இஷ்டம்.”

ஆஷிக் போன பிறகு, அவளே மவுஸைப் பிடித்துத் தொடர்பை இணைத்தாள். பொத்தானைப் புருஷனின் விரலுக்கு அடியில் சரியாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எம்மேல என்ன கோவம்? அத மட்டும் சொல்லிட்டு அணைச்சுக்கிடுங்க.”

மாரிசெல்வம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கட்டைவிரல் அசைந்தது. எழுத்து எழுத்தாகச் சேர்க்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவள் எழுந்திருக்காமல் காத்திருந்தாள். பிறகு அந்த நியூஸ் வாசிக்கிற குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னது:

“வேத்தாளு கொரல் கேட்டா நீ பயப்படுவல்லா.”