தொட்டவர்கள்

சீப்பை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

பற்களுக்கிடையில் இன்னும் சில முடிகள் இருந்தன. சிகிச்சை தொடங்குவதற்கு முன் உதிர்ந்தவை.

அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“அக்காவோடது இல்லண்ணா! ஒத்துப்போகவே இல்ல. அந்த ஆளு இப்ப மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவானாம்?”

ஃபர்ஹானா. ஆய்வகத்தில் அவன் மனைவிக்கு இளையவள். மனைவி இறந்த பிறகு இந்த அறையில் யாரும் இப்படிச் சத்தமாகப் பேசவில்லை.

நோயாளிகளிடமிருந்து எடுத்த பாக்டீரியாவுக்குள், மனித மரபணுவின் ஒரு துண்டை மனைவி கண்டிருந்தாள். இடம்விட்டு இடம் தாவும் வகை. எந்தக் காலத்திலோ, யாரோ ஒருவரின் உடலிலிருந்து கிருமிக்குள் தாவியிருக்கிறது என்று எழுதினாள்.

அவள் கடைசியாக எழுதியது அதுதான்.

கட்டுரையை மதிப்பிட்டவர் நம்பவில்லை. கலப்படம் என்றார். சோதனைக் குழாயைத் தொட்டவரின் தோல் உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கும் என்றார்.

அந்தத் துண்டில் ஓர் அபூர்வ மாற்றம் இருந்தது. தொட்டவர்களில் எவருக்காவது அதே மாற்றம் இருந்தால், கட்டுரை பொய்யாகிவிடும்.

ஆய்வகத்தில் எல்லோரையும் சோதித்தார்கள். எவருக்கும் இல்லை.

மிஞ்சியவள் அவள். அதற்குத்தான் சீப்பு.

இப்போது அவளுக்கும் இல்லை.

பேராசிரியர் பத்திரிகைக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிட்டார். யாரோ இனிப்பு வாங்கப் போயிருந்தார்கள்.

அவன் அந்தக் குழாய்கள் இருந்த உறைபெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புற்றுநோய் மருந்து அவளுடைய உள்ளங்கைகளை உரித்திருந்தது. விரல்கள் மடங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன்தான் அவளை இங்கே அழைத்து வருவான். வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

குழாய்களின் மூடி இறுக்கமானது. அவளால் முடியாது.

அவன் திறந்து கொடுப்பான்.

கையுறை போட்டுக்கொள் என்றுதான் அவள் சொன்னாள். அங்கே இருந்தவை எல்லாம் அவன் கைக்குச் சிறியவை. ஒன்று பாதியில் கிழிந்து விரலில் தொங்கியது. அவள் சிரித்தாள்.

சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அவன் கிழிந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கட்டைவிரலால் திறந்தான். அன்றும், பிறகும்.

அவள் அடுத்த குழாயை அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஃபர்ஹானாவுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவன் சொல்லாமல் போனால் மனைவியின் பெயர் அச்சில் வரும்.

இனி அவள் பெயர் புதிதாக வர வேறு இடமில்லை.

“என்னண்ணா, ஒரு வார்த்தை பேசுங்களேன்.”

மேசைமேல் பிரிக்காத பஞ்சுக் குச்சிகள் கிடந்தன. கன்னத்தின் உட்புறத்தை ஒருமுறை தடவினால் போதும்.

ஒன்றை எடுத்தான். உறையைப் பிரிக்க நேரமாயிற்று.

அதை ஃபர்ஹானாவிடம் நீட்டிவிட்டு, வாயைத் திறந்தான்.