மலைக்கு ஒரு ஜக்கெட்

"இதப் போட்டா மலை ஏறப் போறவன் மாதிரியா கிடக்கு? றோட்டுப் போடப் போறவன் மாதிரிக் கிடக்கு அப்பா!"

கெவின் கண்ணாடி முன்னால் நின்று கத்தினான். பஸ்தியான் மகனின் தோளில் வைத்துப் பிடித்திருந்த ஜக்கெட், கண்ணைப் பறிக்கிற ஒரேஞ்ச் நிறம்.

மதுரங்குளிச் சந்தியில் இருக்கிறது அஃப்ராஸின் உடுப்புக்கடை. வெளிநாட்டுக்குத் தைத்து, சின்னப் பழுதுக்காகக் கழித்துவிட்ட உடுப்புகள் அங்கே வந்து சேரும். ஓடுகிறவர்களும் மலை ஏறுகிறவர்களும் போடுகிற மெல்லிய ஜக்கெட்டுகள் ஒரு கட்டு அந்தக் கிழமைதான் வந்திருந்தது.

"தம்பி, இதப் பாருங்க" என்று அஃப்ராஸ் கருநீலத்தில் ஒன்றை உதறிக் காட்டினார். "காத்து உள்ளுக்கு வராது. பாரமே இல்ல. சுருட்டினா இதுட பொக்கெட்டுக்குள்ளயே அடங்கிரும்."

கெவின் போட்டுப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. கனநாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

கரையில் இருந்த ஹோட்டலில் நல்ல வேலை செய்துகொண்டிருந்தவன். வெள்ளைக்காரர் வருவது நின்றதும் வேலையும் நின்றது. எப்படியாவது வெளிநாடு போகவேண்டும் என்று அவன் வாயைத் திறந்தால், எத்தாளைக் கிராமத்து வீட்டில் சண்டை என்று ஆகிவிட்டது. இப்போது மலைநாட்டில் ஓட்டமும் நடையுமாக ஒரு போட்டி, கூட்டாளிமாரோடு போகிறேன் என்று சொல்லியிருந்தான். தாய் றோசாவுக்கு அதில் பெரிய சந்தோசம். பிள்ளைக்கு மனம் ஆறட்டும் என்று அவள்தான் இரண்டு பேரையும் கடைக்கு அனுப்பி வைத்தாள்.

பஸ்தியான் கருநீல ஜக்கெட்டின் கையை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அதில் கொஞ்சம் ஊற்றியும் பார்த்தார். அஃப்ராஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணன், ஜக்கெட் வாங்க வந்தீங்களா, போட் வாங்க வந்தீங்களா?"

"சாமான் நல்லது தம்பி. நிறந்தான் சரியில்ல. ஒரேஞ்சையே கட்டுங்க."

"ஐயோ, இருட்டு நிறம் எண்டா ஊத்தை தெரியாது அப்பா" என்றான் கெவின்.

"ஊத்தைய அம்மா கழுவுவா."

"எல்லாரும் கருப்பும் நீலமும்தான் போடுறாங்க. நான் மட்டும் இதப் போட்டுக்கொண்டு நிண்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

பஸ்தியானின் பிடிவாதம் அஃப்ராஸ் அறிந்ததுதான். கடல் தொழில் என்னோடு போகட்டும் என்று, ஒரே மகனை ஒருநாள்கூட மீன்பிடிப் போட்டில் ஏற்றாமல் வளர்த்த மனிதர் அவர். அதற்காக மகனின் உடுப்பு நிறத்திலுமா இந்தப் பிடி?

"சரி, போட்டி எப்ப?" என்று அஃப்ராஸ் பேச்சை மாற்றினார்.

"வாற வியாழன்" என்றான் கெவின்.

"அமாவாசை" என்றார் பஸ்தியான், யாரையும் பார்க்காமல்.

"கடலுக்குப் போற ஆக்களுக்கு எல்லாத்துக்கும் நிலாக் கணக்குத்தான்!" என்று அஃப்ராஸ் சிரித்தார். கெவின் சிரிக்கவில்லை. ஜக்கெட்டின் சிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டு நின்றான்.

பிறகு நீல ஜக்கெட்டைக் கழற்றி மேசையில் வைத்து, "எனக்கு இதுதான் வேணும். இல்லாட்டி ஒண்டும் வேணாம்" என்றான்.

அதோடு பஸ்தியானின் அதட்டல் போய்விட்டது. சண்டை போட்டுப் பார்த்துக் களைத்த மனிதர். இன்னும் ஒரு சண்டை போட்டால் மகன் ஜக்கெட் இல்லாமலே கிளம்பிவிடுவான் என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. நிறத்தை விட்டுக்கொடுக்கவும் அவரால் முடியவில்லை.

"மகன், நான் உன்னட்ட வேற ஒண்டும் கேக்கேல்ல" என்றார். குரல் உடைந்திருந்தது. "இத மட்டும் கேளு ராசா."

ஒரு ஜக்கெட்டுக்காக இந்த மனுசன் அழுதுவிடுவாரோ என்று அஃப்ராஸ் பதறிப்போனார். "தம்பி, வாப்பாட மனசுதானே. வாங்கிக்கிட்டுப் போங்களேன்" என்றார்.

கெவினுக்கு வெட்கமும் எரிச்சலும். "சரி, சரி. கட்டுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பஸ்தியான் விடவில்லை. "வாங்கி வீட்டுல வச்சிட்டுப் போகக்கூடாது. இதத்தான் போடுவன், கழட்டமாட்டன் எண்டு தலவிலக் கோயில் அன்னம்மா மேல சத்தியம் பண்ணு."

"கடைக்குள்ள வச்சா?"

"ஓம். இங்கயே."

கெவின் சத்தியம் செய்தான். பஸ்தியான் காசைக் கொடுத்து, பொதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பஸ் நிற்கும் இடத்தில் கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசியது. பஸ்தியான் பொதியைப் பிரித்து, ஜக்கெட்டை மகனுக்குப் போட்டுவிட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்தார். சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்துவது போல் காலரையும் சரிசெய்தார். கெவின் சுற்றிலும் பார்த்துக் கூசினான்.

"எல்லாரும் பாக்கிறாங்க அப்பா. மலைக்குப் போறதுக்கு இந்த நிறம் என்னத்துக்கு? அதையாவது சொல்லுங்க."

பஸ்தியான் காலரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போட் கவிழ்ந்தா, தேடி வாறவன் கண்ணுக்கு இதுதான் தெரியும் மகன்."