கிழக்குப் பக்கத்து மட்டைகள்

தென்னையின் உச்சியில் கால்களை இறுக்கிக்கொண்டு, மேற்குப் பக்கத்து மட்டைகளை மட்டும் வெட்டினான்.

கீழே, புயலுக்கு முந்திய தோட்ட வேலை முடிந்துவிட்டது. வாழைகளுக்கு இலை அரிந்தாயிற்று. முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டியாயிற்று. புடலைப் பந்தலைப் பிரித்துத் தரையில் போட்டாயிற்று.

மிச்சம் இந்த ஒரு தென்னை.

வேலியைத் தாண்டிக் கிழக்கே சாய்ந்து, அண்ணன் வீட்டு ஓட்டின்மேல் தலையை நீட்டி நிற்கிறது.

பாகப் பிரிவினையில் அண்ணனுக்கு வீடு. தம்பியான அவனுக்குத் தோட்டம், அதற்குள் ஒரு தகரக் கொட்டகை. அன்றோடு பேச்சு நின்றது.

புயல் வருகிறதென்றால் மட்டை கழிப்பார்கள், குலை இறக்குவார்கள். நாலா பக்கமும் சமமாக. தலை லேசானால் மரம் தாங்கும்.

மேற்கே மொட்டையடித்தான்.

கிழக்கே ஒரு மட்டையைத் தொடவில்லை. ஒரு குலையை இறக்கவில்லை. சாய்ந்த பக்கமே பாரம் முழுவதும் கிடக்கட்டும்.

மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். காற்றை யார் போய்க் கேட்பது?

அண்ணி சௌந்தரம் வேலியோரம் வந்து, விழுந்து கிடந்த மட்டைகளைப் பார்த்தாள்.

"ஒங்க அண்ணன் என்னென்னமோ சொன்னாரு. ஒங்களுக்கும் மனசு இருக்கு தம்பி."

"எம் மரம். நான் வெட்டுறேன்," என்று இறங்கினான்.

பிறகு அண்ணன் வெளியே வந்தான். இந்தத் தோட்டத்து மரங்களில் தம்பிக்கு முன்னால் ஏறியவன்.

அண்ணாந்தான். மேற்கே பார்த்தான். கிழக்கே பார்த்தான்.

காறித் துப்பினான்.

உள்ளே போய்க் கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து, வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே, சாய்ந்த மரத்துக்கு நேர் கீழே போட்டான். மல்லாந்து படுத்துக்கொண்டான்.

மழை பிடித்தது.

ஊர் ஒலிபெருக்கி எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிக் கத்தியது. சௌந்தரம் பிள்ளைகளோடும் துணி மூட்டையோடும் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"கிறுக்குப் புடிச்ச மாதிரி படுத்துக் கெடக்குறாரு. தொட்டா ஒதைக்க வர்றாரு. தம்பி வந்து கூப்பிடட்டும், எந்திரிக்கிறேங்குறாரு. ஒரு வார்த்தை கூப்பிட்டுருங்களேன்."

அவன் கொட்டகைத் தகரத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள்.

காற்று மேற்கிலிருந்து கிழக்கே திரும்பியது.

ஏறி மிச்சத்தையும் கழிக்கலாமென்று மரத்தடிக்குப் போனான். தண்டு நனைந்து வழுக்கியது. இரண்டு முறை கால் வைத்தான். இரண்டு முறையும் சறுக்கினான்.

ஒரு பச்சைக் காய் கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்து மண்ணில் புதைந்தது.

அண்ணன் அசையவில்லை. கண்ணில் மழை விழுந்தும் மூடவில்லை. உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கூப்பிட்டால், எதுக்குடா என்று கேட்பான். மேற்கை மட்டும் வெட்டியதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.