சிவப்புக் கட்டம்

கழற்றச் சொன்னால் எந்தப் பெண்தான் தாலியைக் கழற்றுகிறாள்? முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து நோயைக் காட்டும் கம்ப்யூட்டரோ, தாலிச் செயினில் தொங்கும் ஊக்குகளைக் கண்டாலும் மிரண்டுபோய்ச் சிவப்புக் கட்டம் போட்டுவிடும். "இதுக்கு வேற வேலையில்ல" என்று முனகிக்கொண்டே கட்டத்தை அழித்துவிடுவது, படம் எடுக்கும் ஜெபராணிக்குப் பழகிப்போயிருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் படம் எடுத்துப் போய், அதே இருமலோடு மறுபடி வந்த பேச்சியம்மாள், சொல்வதற்கு முன்பே தாலியைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "போன தடவ இதுதான் படத்துல விழுந்துட்டுன்னு சொன்னீங்கள்லா, சிஸ்டர். அதான், இந்தத் தடவ சரியா எடுத்துருங்க."

படம் திரையில் வந்தது. செயின் இல்லை, ஊக்கு இல்லை. இடது காறை எலும்புக்குக் கீழே, போன தடவை ஜெபராணி அழித்த அதே இடத்தில், சிவப்புக் கட்டம் இருந்தது. அப்போதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வெறுங்கழுத்தை முந்தானையால் மறைத்தபடி பேச்சியம்மாள் கேட்டாள்: "இப்ப நல்லா வந்துட்டா, சிஸ்டர்? போட்டுக்கிடலாமா?"

அழிக்கும் பட்டனுக்குப் பழக்கத்தில் போன ஜெபராணியின் விரல், அதன்மேலேயே நின்றது.